கார்டு அடிக்காத கல்யாணம்

ஏவால்டை எங்கள் ஊரில் எல்லோரும் அவன் இவன் என்றுதான் சொல்வோம். அவனுடைய அண்ணன் கிளெமென்ஸை அவர் என்போம். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஆனால் பண்ணை மூத்தவருக்கு; இளையவனுக்கு அந்தப் பண்ணையில் சோறும் வேலையும். ஜெர்மனியில் மூன்ஸ்டர் பக்கத்து விவசாயிகளிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஏற்பாடு இது. கல்யாணம் ஆகாத தம்பி பன்றிக் கொட்டகைக்கு மேலே உள்ள அறையில் படுத்துக்கொள்வான். அண்ணனுடைய மாட்டைக் கறப்பான், அண்ணனுடைய பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்ப்பான். செத்தால் அண்ணன் குடும்பக் கல்லறையில் ஓரமாக ஓர் இடம் கிடைக்கும்.

ஏவால்ட் இதற்கு நடுவில் குடிக்கவும் குடித்தான். சாதாரணக் குடி இல்லை. டிராக்டரைக் கொண்டுபோய்ப் பாதிரியார் வீட்டு வேலியில் விட்டு, ஓட்டுநர் உரிமத்தைப் பறிகொடுத்தான். அதன் பிறகு சைக்கிள். சைக்கிளிலிருந்து எந்த வாய்க்காலில் விழுந்தான் என்பதுதான் திங்கட்கிழமை காலை எங்கள் பேச்சு. ஒரு குளிர்காலத்தில் கொட்டகைக்குப் பின்னால் பனியில் கிடந்து கால் விரல் இரண்டு போயிற்று. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் குடிக்கவில்லை.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஊரே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனும் மற்றவர்களோடு மதுக்கடைக்கு வருவான். ஆப்பிள் சாறு வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவான். ஆண்கள் விடுவார்களா?

"என்னடா ஏவால்ட், மாசமா இருக்கியா? ஜூஸ் குடிக்கிற?"

"ஆமாண்ணே, எட்டாம் மாசம்" என்பான் அவன், முகம் மாறாமல்.

இப்படி ஒன்பது வருஷம். கேலி செய்தவர்களுக்கே அலுத்துவிட்டது. உரிமம் திரும்ப வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர், பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டச் சொல்லி அவனிடம் கொடுத்தார். குடித்ததாக ஒரு புகார் வந்தால்கூடச் சாவியை வாங்கிவிடுவோம் என்பது நிபந்தனை. அவன் தலையாட்டினான். சனிக்கிழமைதோறும் அந்த பஸ்ஸைக் கழுவித் துடைப்பான். அதன் கண்ணாடியில் நான் என் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவு பளபளப்பு. அவன் வாழ்க்கையில் அண்ணன் கொடுக்காமல் அவனுக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தச் சாவிதான்.

அப்போதுதான் கிளெமென்ஸின் மூத்த மகள் ரோஸ்விதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டவுனில் மருந்துக்கடைக்காரர் மகன். பெரிய இடம். கிளெமென்ஸோ எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் அவர்களுக்கு முதல் அண்டைவீடு. எங்கள் ஊரில் முதல் அண்டைவீட்டுக்காரனுக்கு உரிமைகள் உண்டு. சாவென்றால் ஊருக்குச் சொல்வதும் கல்யாணமென்றால் வீடு வீடாகப் போய் அழைப்பதும் அவன்தான். என் கணவர் ஹூபர்ட், அழைக்கப் போகும்போது போடுகிற தொப்பியைத் தூசி தட்டி வைத்திருந்தார். அழைக்கிறவனுக்குப் புதுச் சட்டையும் ஒரு முழுப் பன்றித்தொடை உப்புக்கண்டமும் கொடுப்பது வழக்கம். அது ஹூபர்ட்டுக்கு நினைவிருந்தது. கிளெமென்ஸுக்கும் நினைவிருந்தது, அதுதான் வினை.

"சம்பந்தி வீட்ல தங்க எழுத்துல கார்டு அடிக்கிறாங்களாம் ஹூபர்ட்" என்று ஆரம்பித்தார். "நம்மளயும் பாதி போட்டுக்கச் சொல்றாங்க. அச்சாபீஸ்காரன் சொன்ன வெலைக்கு ரெண்டு பன்னிக்குட்டி வாங்கலாம். அதுக்குக் கவர் வேற, ஸ்டாம்ப் வேற. அவங்க மருந்துக்கடை. சீசால தண்ணிய ஊத்தி வித்துச் சம்பாதிக்கிறவங்க. நமக்கு எதுக்கு?"

"கார்டெல்லாம் அசலூர்க்காரனுக்கு. நம்ம பக்கம் ஆளு வந்து சொன்னாத்தானே மரியாதை?" என்றார் ஹூபர்ட்.

"அதத்தான் சொல்ல வந்தேன். ஒனக்கு எதுக்குச் செரமம்? ஏவால்ட் போகட்டும். சும்மாதானே இருக்கான்."

கையிலிருந்த பாத்திரத்தை நான் அப்படியே வைத்துவிட்டேன். "ஏவால்டா? வீட்டுக்கு வீடு சாராயம் ஊத்துவாங்களே அண்ணே!"

"ஒதட்டுல வெச்சுட்டுக் கீழ வெச்சுடட்டும். நீ ஏன்மா பதர்ற?"

உதட்டில் வைத்துவிட்டு வைக்கிற சங்கதி இல்லை அது. அழைப்புக்காரன் உயரத் தொப்பி போட்டு, கையில் கோலோடு சைக்கிளில் வருவான். வாசலில் நின்று எங்கள் ஊர்ப் பேச்சில் நீளமாக ஒரு பாட்டைச் சொல்லி அழைப்பான். வீட்டுக்காரன் கோர்ன் என்கிற தானியச் சாராயம் ஒரு குவளை ஊற்றுவான். அதை ஒரே மடக்கில் குடித்துக் குவளையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பிறகுதான் வீட்டுக்காரி கோலில் ஒரு நாடா கட்டுவாள். நாடா கட்டினால் வருகிறோம் என்று அர்த்தம். குவளை காலியாகாவிட்டால் பாட்டு வெறும் சத்தம். பத்து வீடு தாண்டியதும் அழைப்புக்காரனுக்கு நாக்கு குழறும், இருபதாவது வீட்டில் தொப்பி கழன்று கோழிக்கூண்டுக்குள் விழும். அதைப் பார்க்கத்தான் பாதி ஊர் வாசலில் நிற்கும். இது தெரிந்தும் தம்பியை அனுப்புகிறார் மனிதர், ஒரு சட்டையும் தொடைக்கறியும் மிச்சம் என்று. எனக்கு வயிறு எரிந்தது. ஹூபர்ட்டுக்கும் எரிந்தது, ஆனால் அவருக்குத் தொடைக்கறிக்காக.

ஏவால்ட் அண்ணன் பேச்சை மறுத்துப் பழக்கமில்லாதவன். மறுக்காமலே தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். அழைக்கப் போவதற்கு முந்தின வாரமே வீடு வீடாகப் போனான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"அக்கா, ஒரு ஒத்தாசை. சனிக்கெழம நான் அழைக்க வரும்போது சாராயப் பாட்டில்ல தண்ணி ஊத்தி வெச்சிருங்க. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார் ஹூபர்ட் கண்ணைச் சிமிட்டி.

"தெரிஞ்சாத் தெரியட்டுமே அண்ணே. நீங்க சொல்ல மாட்டீங்க."

எல்லா வீட்டிலும் சரி என்றுதான் சொன்னார்கள். சனிக்கிழமை அவன் வந்தான். சைக்கிள் முழுக்கக் காகிதப் பூ. பாட்டை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான்; அவனுக்கு இவ்வளவு நல்ல குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஹூபர்ட் ஊற்றிய தண்ணீரை மடக்கென்று குடித்து, முகத்தைச் சுளித்து, குவளையைக் கவிழ்த்தான். நான் நீல நாடா கட்டினேன். மாலையில் எல்லா வீட்டையும் முடித்துவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு திரும்பினான். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் ஏமாந்துபோனார்கள். காசு கொடுத்து சர்க்கஸ் பார்க்கப் போய், கோமாளி வராத மாதிரி இருந்தது அவர்களுக்கு.

மறுநாள் மதுக்கடையில் அவெர்பெக் வாயைத் திறந்தார். ஊரிலேயே பெரிய பண்ணை அவருடையது. அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள்.

"நான் அந்தக் கல்யாணத்துக்கு வரல" என்றார். "என்னை யாரும் அழைக்கலியே."

"நேத்துத்தானே ஏவால்ட் வந்தான்? நாடா கட்டுனீங்களே?" என்றார் யாரோ.

"வந்தான். தண்ணி கேட்டான். ஊத்துனேன். என் மாட்டுக்கும்தான் தெனம் தண்ணி காட்டுறேன். அதுக்காக மாடு வந்து அழைச்சுதுன்னு எவனாவது கல்யாணத்துக்குப் போவானா?"

கடை கிடுகிடுத்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. அவெர்பெக் போகாத கல்யாணத்துக்கு நாம் போனால் நம்மை யார் மதிப்பார்கள்? செவ்வாய்க்கிழமைக்குள் பாதி ஊர் வரவில்லை என்றாகிவிட்டது.

கிளெமென்ஸுக்குக் கதி கலங்கியது. மண்டபம் பேசியாகிவிட்டது, மாடு வெட்டச் சொல்லியாகிவிட்டது. இந்தச் செலவெல்லாம் வருகிறவர்கள் வைக்கிற மொய்க் கவரை நம்பித்தான். அந்த வாரம் நாங்கள் அண்டைவீட்டுப் பெண்கள் அவர் களஞ்சியத்தில் உட்கார்ந்து, வாசல் தோரணத்துக்குக் காகித ரோஜா மடித்துக்கொண்டிருந்தோம். அதனால் எல்லாவற்றையும் காதால் கேட்டேன்.

"இப்பவாவது கார்டு அடிச்சு அனுப்பிருங்க. மானம் போவுது" என்றாள் அவர் மனைவி ஹெட்விக்.

"கார்டு அனுப்புனா அவெர்பெக் இன்னும் மூஞ்சியத் தூக்குவான். அசலூர்க்காரனா நான்னு கேப்பான். செலவும் போச்சு, ஆளும் வராது." கிளெமென்ஸ் தம்பியைப் பார்த்தார். "ஏவால்ட், நீ இன்னொரு தடவ போ. அவெர்பெக் வீட்டுக்கு மட்டும். ஒரு குவளை. அவன் வந்தா எல்லாரும் வந்துருவாங்க."

ஏவால்ட் ஏணிமேல் நின்று தோரணத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். "முடியாதுண்ணே" என்றான். அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னடா முடியாது?"

"ஒரு குவளையில நிக்காதுண்ணே எனக்கு. ஒங்களுக்கே தெரியும். பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸாம் பஸ்ஸு! யார் வீட்டுச் சோறு திங்கிற நீ? பஸ்ஸா ஒனக்குச் சோறு போடுது?"

"ஹூபர்ட் அண்ணன் போகட்டும். அவருதானே போகணும்? அவருக்குச் சட்டையும் கறியும் நான் என் சம்பளத்துல வாங்கித் தர்றேன்."

நான் ரோஜாவை மடிப்பதை நிறுத்தினேன். நியாயமான பேச்சு. எந்த மனிதனும் அதற்குமேல் இறங்கிப் போக முடியாது. ஆனால் கிளெமென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அழைப்புக்காரனைப் பாதியில் மாற்றினால் வீட்டில் ஏதோ தகராறு என்று ஊர் பேசும் என்றார். அப்போது ரோஸ்விதா எழுந்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சித்தப்பா, ஒரே ஒரு குவளை. எனக்காக. மண்டபம் காலியாக் கெடந்தா மாமியார் வீட்ல என்னை என்ன நெனைப்பாங்க? சின்னப் புள்ளையில நான் கேட்டு நீங்க எதையாவது இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவன் அவளைப் பார்த்தான், பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தான். நாங்கள் தலையைக் குனிந்து மறுபடி ரோஜா மடிக்க ஆரம்பித்தோம். அவன் தொப்பியையும் கோலையும் எடுத்துக்கொண்டு போனான்.

அவெர்பெக் வீட்டில் நடந்ததை ஹூபர்ட் பார்த்தார். சேதி எப்படியோ பரவி, அங்கே ஆண்கள் கூட்டமாக முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏவால்ட் பாட்டைச் சொல்லி முடித்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்து, அவெர்பெக் குவளை தளும்பத் தளும்ப ஊற்றினார். ஏவால்ட் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றானாம்.

"சீக்கிரம்டா, சூடாயிடப் போவுது" என்றார் அவெர்பெக்.

குடித்தான். குவளையைக் கவிழ்த்தான். கூட்டம் கைதட்டியது. அவெர்பெக்கின் மருமகள் சிவப்பு நாடா கட்டினாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அவன் சைக்கிளைத் திருப்புவதற்குள் அடுத்த வீட்டுக்காரன் வழிமறித்தான். "ஏண்டா, அவெர்பெக் வீட்ல சாராயம், எங்க வீட்ல தண்ணியா? அவன் பண்ணை பெருசுங்கிறதாலயா?" ஒரு வீட்டில் குடித்தவன் மறுவீட்டில் குடிக்காமல் போனால் அந்த வீட்டை அவமதித்ததாக ஆகும். அவன் அங்கேயும் குடித்தான். அதற்கு அடுத்த வீட்டிலும் குடித்தான். பிறகு யாரும் வழிமறிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வாசலுக்கு வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்தேன். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினான்.

"அது வேணாங்கா. இன்னொண்ணு இருக்குமே, அத எடுங்க."

ஹூபர்ட் அலமாரியைத் திறந்து அந்த இன்னொன்றை எடுத்து ஊற்றினார். நான் தண்ணீர் பாட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன். தடுத்திருந்தால் மட்டும் என்ன?

பொழுது சாய்வதற்குள் தொப்பியும் கோலும் நாடாவுமாக அவன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள வாய்க்காலில் கிடந்தான். ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ புகைப்படம் எடுத்தார்கள். "இதுதாண்டா அழைப்பு!" என்றார்கள். எல்லா வீட்டிலும் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு எடுத்துக் காற்றாடப் போட்டார்கள்.

மறுநாள் காலை அவன் குளித்து, சவரம் செய்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அவெர்பெக் மருமகள் மூக்கைச் சுருக்கினாள். நாடா கட்டிய அதே பெண். வீட்டுக்குப் போய் அவள்தான் பஞ்சாயத்துக்கு போன் செய்தாள். அரை மணி நேரத்தில் ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"நமக்கு அவன்மேல கோவமா என்ன?" என்றார் அவெர்பெக் மதுக்கடையில். "கொழந்தைங்க உசுரு சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டியிருப்பார், நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஊரே வந்தது. மண்டபத்தில் நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். வெங்காயக் குழம்பில் மாட்டுக்கறி தட்டுத் தட்டாகப் போயிற்று, மொய்க் கவர் கூடையை இரண்டு தடவை காலி செய்தார்கள். மருந்துக்கடைச் சம்பந்தி அசந்துபோய்விட்டார். "எங்க கார்டுக்குப் பாதிப் பேர்தான் வந்தாங்க. நீங்க எப்படி?" என்று கேட்டார். கிளெமென்ஸ் தொந்தியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நாங்க ஒரு கார்டுகூட அடிக்கலீங்க. மனுச உறவுதான்."

ஏவால்ட் மாலைதான் வந்தான். உடுப்பில் வாய்க்கால் சேறு சரியாகப் போகவில்லை. கண் சிவந்திருந்தது. வாசலிலேயே ஹெட்விக் மறித்துக்கொண்டாள்.

"இந்தக் கோலத்துல யாரு ஒன்ன வரச் சொன்னா? சம்பந்திக்காரங்க உக்காந்திருக்காங்க உள்ள!"

"நான்தானே அண்ணி எல்லாரையும் வரச் சொன்னேன்" என்றான் அவன். வேடிக்கையாகச் சொன்னானா, விளங்காமல் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. ரோஸ்விதா உள்ளேயிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணை எனக்கு அதற்குப் பிறகு பிடிக்காமல் போய்விட்டது. அவனைப் பின்வாசலில் பீர்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தட்டு கொடுத்தார்கள். தட்டு அப்படியே இருந்தது. பீப்பாய்க்காரன் அவனுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தான்.

இந்தக் கல்யாணம் மற்றவர்களுக்கு வழி காட்டிவிட்டது. கார்டு வேண்டாம், தபால் வேண்டாம், முதல் அண்டைவீட்டுக்காரனுக்குச் சட்டை வேண்டாம். ஏவால்டைக் கூப்பிட்டால் போதும். கூலி கேட்க மாட்டான், குவளையைத் தட்ட மாட்டான், பார்க்கவும் வேடிக்கை. அவெர்பெக்கே தன் மகன் கல்யாணத்துக்கு அவனைத்தான் அனுப்பினார். டவுன் அச்சாபீஸ்காரர் எங்கள் ஊரிலிருந்து ஆர்டரே வருவதில்லை என்று குறைபட்டாராம். கிளெமென்ஸின் இரண்டாவது மகள் ஜிஸெலாவின் முறை வந்தபோது அவனை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிவதற்குள் தொப்பியோடு கீழே இறங்கி வந்து, "எப்ப கெளம்பணும்?" என்று கேட்டான்.

இடையில் கல்யாணமே இல்லாத மாதங்களும் வரும். அப்போது வேலி வேலியாக நின்று, "யார் வீட்லயாவது விசேஷம் உண்டா?" என்று விசாரிப்பான்.

போன தவக்காலத்துக்கு முந்தின வாரம், நல்ல குளிர். கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். ஏவால்ட் நின்றான். தலையில் உயரத் தொப்பி, கையில் கோல். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு எதுவும் தோன்றுவதற்குள் பாட்டை ஆரம்பித்துவிட்டான். நாக்கு குழறியது, ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. கிளெமென்ஸ் பண்ணையின் மூத்த மகள் ரோஸ்விதாவுக்குக் கல்யாணம், குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும் என்று முடித்தான். ரோஸ்விதாவுக்கு அப்போது பிள்ளைகள் இரண்டு. மூத்தது டவுனில் பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து ஹூபர்ட் எட்டிப் பார்த்தார். என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து வந்து, ஒரு குவளை ஊற்றினார். ஏவால்ட் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"அப்ப கண்டிப்பா வந்துருங்கக்கா."

"வந்துர்றோம்" என்றேன்.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.